கடற்படை மருத்துவப் பணியில் என் முதல் நாட்கள்

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் என்னைக் கேட்டனர். இத்தகைய மலர்களில் வைத்தியர், நியாயவாதி, பொறியியலாளர் என உயர்தொழில் புரிந்தோரே பெரும்பாலும் எழுதுவர். நானோ மலச்சட்டி கழுவுவதிலிருந்து தொழிலைத் தொடங்கியவன். அதுவும் ஒரு கல்வியே. நம் ஆசிரியர்கள் கற்பித்த நன்னூலுக்கும் அட்சரகணிதத்துக்கும் அப்பால் நான் பெற்ற அக்கல்வியைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றேன்.

என்னை அப்பணிக்கு ஈர்த்தது ஒரு கப்பலின் கதை. 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டுவீசித் தாக்கின. அப்பொழுது நான் மூன்று வயதுக் குழந்தை. முதல்நாளிரவே துறைமுகத்தை விட்டகன்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் அன்று முற்பகல் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீரில் தத்தளித்தோருள் ஏறத்தாழ 600 பேரை அவ்வழியே வந்த வீற்றா என்னும் வைத்தியக் கப்பல் காப்பாற்றியது. டொக்யாட்டில் எழுதுவினைஞராயிருந்த என் ஐயா இதனை எத்தனையோ முறை சொல்லியிருப்பார். வெண்ணிறமும் செஞ்சிலுவையும் கொண்ட அக்கப்பலை விமானங்கள் தாக்காது விட்டன என்று சொல்லும் இடத்தில் அவர் குரல் தாழும். சண்டைக்கு நடுவே சண்டையிடாத ஒரு தொழிலும் உண்டு என்பது என் இளம் மனதிற் பதிந்துவிட்டது.

1957 ஒக்டோபர் 15 இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நான் றோயல் சிலோன் நேவியில், நோயாளரைப் பராமரிக்கும் பிரிவிற் சேர்ந்தேன். சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறி இரண்டாண்டும் நிரம்பாத காலம் அது. "உத்தியோகம் கிடைக்கும், தம்பி. உயர்வு கிடைக்குமோ என்பது வேறு கதை" என்று ஐயா சொன்னார். அவர் சொன்னது பெரும்பாலும் பலித்தது. அக்கதையை இங்கு விரிக்க நான் விரும்பவில்லை.

வீட்டில் மெய்யான எதிர்ப்பு ஆச்சியிடமிருந்தே வந்தது. செவ்வாய், வெள்ளிகளிற் கோணேசர் கோயிலுக்குப் போகாமல் அவர் உணவருந்தார். பிறர் வாய்வைத்த செம்பை அடுப்படிக்குட் சேர்க்கார். பேரன் கண்டவன் மலசலம் அள்ளப் போகிறான் என்றதும் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் ஒரு நிபந்தனையோடு பேசினார். விடுமுறையில் வரும்போதெல்லாம் கிணற்றடியில் தலைமுழுகிய பின்னரே படியேற வேண்டும். நானும் இசைந்தேன்.

முதலில் தியத்தலாவையில் அணிநடை. திருகோணமலை வெயிலில் வளர்ந்தவனுக்கு அம்மலைக்குளிர் ஒரு தண்டனை. சப்பாத்து மினுக்குவதும் இடம் வலம் திரும்புவதும் எல்லாச் சிப்பாய்க்கும் பொதுவாதலின், அவற்றை விட்டு மேலே செல்கிறேன்.

எங்களைப் பயிற்றிய மூத்த அலுவலர் இங்கிலாந்தின் ஹாஸ்லர்க் கடற்படை வைத்தியசாலையிற் பயின்றவர். காயத்தைப் பற்றி அவர் முதல் மாதத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கட்டில் விரிப்பைச் சுருக்கமின்றி விரிக்கவும், அசையமாட்டாத நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும், அவன் முதுகைக் கழுவித் துடைக்கவும், மலச்சட்டியை முகஞ்சுளியாது ஏந்திச் செல்லவுமே கற்பித்தார். நோயாளி நம் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறான் என்பது அவர் வாதம். இரண்டாம் வாரத்தில் என்னோடிருந்தவருள் ஒருவர் ஊர் திரும்பிவிட்டார். எனக்கும் வயிறு புரட்டாத நாளில்லை. ஆயினும் ஒரு மாதம் கழிந்தபின், எப்பொழுது அது நின்றதென எனக்கே தெரியாமல் நின்றுபோயிற்று.

பின்னரே எலும்புமுறிவும் குருதிப்பெருக்கும் பாடமாயின. தொடையெலும்பு முறிந்தவனுக்குத் தோமஸ் சிம்பு கட்டும் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யப் பழக்கினார்கள். இருளிலும் கப்பல் ஆட்டத்திலும் வேலைசெய்ய வேண்டுமல்லவா? முதலாம் உலகப் போரில் அச்சிம்பு ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. கப்பலுக்கே உரிய மற்றொரு கருவி நீல் றொபேட்சன் காவுபடுக்கை. மூங்கிற் சிம்புகளைக் கன்வசிற் பொருத்திச் செய்த அதில் மனிதனைப் பாய்போற் சுருட்டிக் கட்டி, எஞ்சின் அறையின் ஒடுங்கிய வாயில்வழியே செங்குத்தாகத் தூக்கலாம். வகுப்பில் மெலிந்தவன் நானாதலின் எப்பொழுதும் காயமுற்றவன் வேடம் எனக்கே வாய்த்தது. கயிற்றில் தொங்கியபடி மற்றவரின் முடிச்சுகளை நம்பும் பாடத்தை வேறெவரும் அவ்வளவு நன்றாகக் கற்றிருக்கமாட்டார்.

ஜெனீவா உடன்படிக்கைகளும் பாடத்தில் இருந்தன. இலங்கை அவற்றை 1959 இல் ஏற்று உறுதிசெய்தது. காயமுற்றவன் பகைவனாயினும் நோயாளியே என்ற வாசகத்தை அப்போது பரீட்சைக்காக மனனஞ் செய்தேன். ஐம்பதாண்டு கழித்து, 2009 பெப்ரவரியில், வன்னிக் கரையிலிருந்து காயமுற்றோரைச் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் ஏற்றி இதே திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. அச்செய்தி கேட்டு மனம் பதைத்ததன்றி, எழுபது வயதில் என்னாற் செய்யக்கூடியது ஒன்றுமிருக்கவில்லை.

துறைமுகத்தில் வேலைசெய்வோனுக்கு முதன்மையான பாடம் நீரில் மூழ்கியவனை மீட்பது. எங்களுக்குக் கற்பித்தது டென்மார்க் இராணுவ அதிகாரியான ஹோல்கர் நீல்சன் 1932 இல் வகுத்த முறை. மூழ்கியவனைக் குப்புறக் கிடத்தி, அவன் தலைமாட்டில் மண்டியிட்டு, முதுகை அழுத்துவதும் முழங்கைகளை உயர்த்துவதுமாக மாறி மாறிச் செய்யவேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு முறை. மணிக்கணக்கிற் செய்து களைத்திருக்கிறோம். ஆச்சிக்குக்கூட இதில் ஆட்சேபமில்லை. முதுகைத் தொடுவதற்கு முழுக்குப் போதும்.

1958 இல் அமெரிக்காவில் பீற்றர் சஃபார் முதலிய வைத்தியர்கள் பரிசோதித்துக் காட்டியது வேறு. முதுகை அழுத்துவதாற் போதிய காற்று நுரையீரலைச் சேர்வதில்லை. தலையைப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய்வைத்து ஊதுவதே பயன்தரும். சில ஆண்டுகளில் அந்த முறை எங்களுக்கும் வந்தது. மலசலத்துக்குப் பழகிய கை இருந்தது; எச்சிலுக்குப் பழகிய வாய் எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. பிறர் குடித்த செம்பையே தொடாத வீட்டிலிருந்து வந்தவன் அன்னியன் வாயில் வாய்வைப்பதா? வகுப்பில் அனைவரும் சிரித்தோம். அச்சிரிப்பில் அருவருப்பு மறைந்திருந்தது.

1962 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுமுறையில் மனையாவெளிக் கரையோரம் நடந்துகொண்டிருந்தேன். ஏழு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவனை நீரிலிருந்து தூக்கி மணலிற் போட்டிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது, மூச்சில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. அதனைப் பின்னர்தான் கேட்டார்கள். வாயிலிருந்த மணலை விரலால் வழித்தெறிந்துவிட்டு ஊதத் தொடங்கினேன். சிறு பிள்ளையாதலின் மெல்ல, விரைவாக, நெஞ்சு உயருமளவுக்கு மட்டும். எத்தனை முறை ஊதினேனென்று தெரியாது. அவன் உடல் ஒருமுறை துடித்தது. உண்டது முழுவதும் உப்புநீரோடு என் வாயிலும் முகத்திலும் வந்து விழுந்தது. பின்பு அழுதான். அவ்வழுகையைப்போல் இனிய ஒலியொன்றை நான் கோயில் நாதஸ்வரத்திலும் கேட்டதில்லை.

நான் வீடு சேருமுன்னரே செய்தி சேர்ந்துவிட்டது. ஆச்சி படியில் நின்றார். நடந்ததையும், அது எவர் பிள்ளை என்பதையும் அறிந்திருந்தார். "கிணற்றடிக்குப் போ" என்றார். போனேன். பின்னாலேயே வந்து, துலாக்கயிற்றைத் தாமே பற்றி நீர் இறைத்து என் தலையில் ஊற்றினார். வாய் கொப்பளிக்கத் தம் செம்பையே தந்தார். ஒன்றும் பேசவில்லை.

நான்கு ஆண்டுகளின் பின் கடற்படையை விட்டு விலகினேன். பிற்காலத்தில் மாணவர்க்கு முதலுதவி கற்பித்து வந்தேன். நோர்வேயின் விளையாட்டுப்பொருள் உற்பத்தியாளர் லேர்டால் 1960 இல் உருவாக்கிய பயிற்சிப் பாவை எங்களிடமும் ஒன்று இருந்தது. அதன் முகம் பாரிசின் செயின் நதியில் மூழ்கி இறந்ததாகக் கூறப்படும் பெயரறியா நங்கையின் முகமாம். இக்காலத்தில் திடீரென இதயம் நின்று வீழ்ந்தவருக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினாலே போதும் எனப் பயிலாதவர்க்குச் சொல்கிறார்கள். அது சரியே. ஆனால் நீரில் மூழ்கியவனுக்கு மூச்சே முதல் மருந்து. கடலோரத்துப் பிள்ளைகள் இதனை மறக்கலாகாதென்று வற்புறுத்துவேன்.

கடைசி வகுப்பில் ஒரு சிறுவன் பாவையின் வாயை ஸ்பிரிற்றால் மூன்றுமுறை துடைத்தான். நான்காம் முறை துடைக்கக் கையெடுத்தவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான். பாவையின் நெஞ்சு உயர்ந்தது.