புது லேப்டாப்பில் களை எடுத்த கதை

பத்து நாளா எதுவும் எழுத முடியல. ஐப்பசி மழை, சம்பாவுக்குக் களையெடுப்பு, நடுவுல வீட்டுக்குள்ள ஒரு கூத்து. இன்னைக்கு அந்தக் கூத்தைத்தான் எழுதப்போறேன். பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்ச விஷயமா இருக்கலாம். எங்களை மாதிரி ஆளுங்க வீட்டுல எப்படி நடக்குதுன்னும் தெரிஞ்சுக்குங்க.

குறுவை நெல் போட்ட காசு கையில இருந்தது. தீபாவளிக்கு முன்னாடி பாப்பாவைக் கூட்டிக்கிட்டு கும்பகோணம் போய் ஒரு லேப்டாப் வாங்கினோம். கிட்டத்தட்ட 40,000 ரூபாய். அவ படிப்பை முடிச்சுட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கிட்டிருக்கா. இன்டர்வியூ எல்லாம் இப்போ வீட்டுல உட்கார்ந்தபடியே வீடியோவுல நடக்குது. அதுக்குத்தான் இந்தச் செலவு.

வந்து திறந்தா, திரை ஓரத்துல சிவப்புப் பெட்டி. "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்ற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு அறிவிப்பு. 30 நாள் இலவசமாம், அப்புறம் வருஷத்துக்குப் பணம் கட்டணுமாம். அது ஒரு ஆன்டிவைரஸ். அதோட ரெண்டு கடைகளுக்கான சின்னம், ஒரு சீட்டு விளையாட்டு, ஒரு மாசம் மட்டும் ஓடுற எழுத்து மென்பொருள், இன்னும் பேர் தெரியாத ஏழெட்டு சாமான். பொட்டியைத் தட்டினா எழுந்திருக்கவே ரெண்டு நிமிஷம்.

வீட்டம்மா எட்டிப் பார்த்துட்டு, "ஏங்க, புது சாமான்ல ஏன் இத்தனை குப்பை? யாரோ வச்சிருந்து கொடுத்த பழசைத் தலையில கட்டிட்டானா?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயம்தான். கடைக்குப் போன் போட்டேன். "சார், அது எல்லாத்துலயும் வரும் சார்" என்றார்கள். அவ்வளவுதான் பதில்.

எங்க வீட்டுக்கு முதல்ல வந்த லேப்டாப், பெரியவன் ப்ளஸ் டூ படிச்சப்போ அரசாங்கம் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்ச திட்டம். எல்காட் மொத்தமா வாங்கிக் கொடுத்தது. மூடியைப் பார்த்தா முதலமைச்சர் ஜெயலலிதா படம். உள்ளே விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்க தெருவுல அந்த லினக்ஸ் பக்கம் போன பையன் ஒருத்தனையும் நான் பார்க்கல. ஆனா காசு கொடுக்காம வாங்கினது, படம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டோம். 2013-ல உத்தரப் பிரதேசத்துல அகிலேஷ் யாதவ் அரசு கொடுத்த லேப்டாப்ல, திரையில இருக்கிற தலைவர்கள் படத்தை மாத்தப் போனா பொட்டியே படுத்துடும்னு பத்திரிகையில செய்தி வந்துச்சு. கொடுத்தவன் பேர் அழியக்கூடாதுன்னு அப்படி ஒரு ஏற்பாடு!

இலவசத்துல வர்றது சரி. 40,000 எண்ணி வச்சு வாங்குறதுல எதுக்கு அடுத்தவன் சரக்கு? விசாரிச்சதுல விஷயம் பிடிபட்டது. கணினி கம்பெனிக்கு ஒவ்வொரு பொட்டியிலும் கிடைக்கிற லாபம் கொஞ்சம்தான். அதனால ஆன்டிவைரஸ் கம்பெனி, விளையாட்டுக் கம்பெனி எல்லாம் இடத்துக்குக் காசு கொடுத்து உள்ளே உட்காருது. திருவிழாவுல கோயில் வாசல்ல கடை போட தரைவாடகை கட்டுற மாதிரி. 2008-ல சோனி கம்பெனி அமெரிக்காவுல, இந்தக் குப்பை இல்லாம வேணும்னா 50 டாலர் தனியா கட்டணும்னு ஒரு வசதி வச்சது. ஜனங்க திட்டின திட்டுல உடனே அந்தக் கட்டணத்தை எடுத்துடுச்சு. அழுக்குப் படாம கொடுக்க ஒரு விலை!

இடம் அடைக்கிறதோட போனாலும் பரவாயில்ல. 2014 கடைசியில லெனோவா விற்ற சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ்னு ஒரு விளம்பர மென்பொருள் இருந்தது. பூட்டுச் சின்னம் போட்ட பாதுகாப்பான பக்கத்துக்கும் நமக்கும் நடுவுல உட்கார்ந்துக்கிட்டு, தானே தயாரிச்ச சான்றிதழைக் காட்டி, பக்கத்துக்குள்ள விளம்பரத்தைச் சொருகும். அத்தனை பொட்டிக்கும் ஒரே சாவி. அந்தச் சாவி கிடைச்சவன் பொது வைஃபையில உட்கார்ந்து நம்ம பேங்க் கணக்கைக்கூட எட்டிப் பார்க்கலாம். 2015 பிப்ரவரியில விஷயம் வெளியே வந்து, கம்பெனியே அதை நீக்க வழி சொல்ல வேண்டியதாச்சு. இதைப் படிச்சதும் எனக்கு வேகம் வந்துடுச்சு. எல்லாத்தையும் பிடுங்கிடணும்னு உட்கார்ந்தேன்.

அங்கதான் தப்பு பண்ணினேன்.

மறுநாள் காலையில பத்து மணிக்கு பாப்பாவுக்கு இன்டர்வியூ. முதல் நாள் சாயங்காலம் மழையில வயலுக்குப் போக முடியல. செட்டிங்ஸ், அதுல ஆப்ஸ், அதுல இன்ஸ்டால்ட் ஆப்ஸ். வரிசையா பேர் வந்தது. எனக்குப் புரியாத பேரெல்லாம் குப்பைன்னு முடிவு பண்ணி ஒவ்வொண்ணா அன்இன்ஸ்டால் கொடுத்துக்கிட்டே போனேன். பொட்டி சும்மா பறந்தது. வீட்டம்மாகிட்ட பெருமை வேற.

ராத்திரி எட்டரைக்கு பாப்பா ஒத்திகை பார்க்க சிநேகிதியைக் கூப்பிட்டா. படம் தெரியுது, சத்தம் இல்ல. அவ பேசுறதும் அந்தப் பக்கம் கேட்கல. கீழே ஸ்பீக்கர் சின்னத்துல சிவப்புப் பெருக்கல் குறி. ஆடியோன்னு பேர் போட்டிருந்த ஒண்ணை நானே தூக்கியிருந்தேன். அது குப்பை இல்ல, மைக்கையும் ஸ்பீக்கரையும் வேலை வாங்குற டிரைவர்.

பாப்பா திட்டியிருந்தாகூட நல்லா இருந்திருக்கும். ஒண்ணும் சொல்லாம போய் ஊஞ்சல்ல உட்கார்ந்துட்டா.

சென்னையில இருக்கிற பெரியவனைக் கூப்பிட்டேன். "அப்பா, முதல்ல ரீஸ்டார்ட் பண்ணுங்க. சில சமயம் தானா வந்துடும்" என்றான். வரல. "சரி, பொட்டியைத் திருப்புங்க. அடியில ஸ்டிக்கர்ல சீரியல் நம்பர் இருக்கும், படிங்க." மூக்குக் கண்ணாடி போட்டும் தெரியல. பாப்பாவே வந்து டார்ச் அடிச்சுப் படிச்சா. கம்பெனியோட சொந்தத் தளத்துல அந்த நம்பரைப் போட்டு, ஆடியோ டிரைவரை போன் நெட்டுல இறக்கினோம். நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போச்சு. பதினொன்றரைக்கு "டிங்"குனு ஒரு சத்தம் வந்தது. மகாலிங்கசுவாமி கோயில் மணிச் சத்தம் மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் பத்து மணிக்கு எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல. வயலுக்குப் போயிட்டேன். அங்கே களை பறிக்க வந்த ஆளுங்களோட புதுசா ஒரு பொண்ணு. குதிரைவாலின்னு நினைச்சு நெல்லையும் சேர்த்துப் பிடுங்கிக்கிட்டிருந்தது. குதிரைவாலி சின்னதா இருக்கிறப்போ அச்சு அசல் நெல்லு மாதிரியே நிக்கும். வழக்கமா வர்ற அக்கா அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, "இலையும் தண்டும் சேர்ற இடத்தைப் பாரு. நெல்லுன்னா மெல்லிசா ஒரு சவ்வு, ரெண்டு பக்கமும் பூனை முடி. புல்லுன்னா மொழுக்குனு இருக்கும்" என்று காட்டிக் கொடுத்தது. என்னைப் பார்த்து, "என்ன தம்பி, தானா சிரிக்கிறீங்க?" என்றது.

என்ன சொல்றது அந்த அக்காகிட்ட?

நான் கத்துக்கிட்டதைச் சொல்லிடுறேன், யாருக்காவது உதவும்.

எதிலும் கை வைக்கிறதுக்கு முன்னாடி "ரெஸ்டோர் பாயிண்ட்" ஒண்ணு போட்டுக்குங்க. தப்பாப் போனா பழைய நிலைக்குத் திரும்பலாம். பேர்ல டிரைவர், ஆடியோ, கிராபிக்ஸ், டச்பேட், புளூடூத், ரன்டைம்னு இருக்கிறதைத் தொடாதீங்க. பேர் புரியலன்னா கூகுள்ல தேடிப் பார்த்துட்டுத் தொடுங்க. ஒண்ணு எடுத்ததும் ஒரு ரீஸ்டார்ட். எடுத்ததை ஒரு தாள்ல எழுதி வையுங்க. சந்தேகம்னா, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் அழுத்தி டாஸ்க் மேனேஜர் போய், ஸ்டார்ட்அப்ல அதை அணைச்சு மட்டும் வையுங்க. வேணும்னா திரும்பப் போட்டுக்கலாம்.

ஆன்டிவைரஸை எடுத்தா பயப்பட வேண்டாம். விண்டோஸ்லயே இருக்கிற டிஃபெண்டர் தானா காவலுக்கு வந்துடும். ஆனா சில ஆன்டிவைரஸ் கோரை மாதிரி. மேல பிடுங்கினா அடியில கிழங்கு இருக்கும். அந்தக் கம்பெனியே தனியா நீக்குற கருவி கொடுக்கும், அதை ஓட்டணும். பல பொட்டிகள்ல முழுசா ரீசெட் பண்ணினா கம்பெனி போட்ட குப்பையும் கூடவே முளைச்சு வரும், அதையும் ஞாபகம் வச்சுக்குங்க. முக்கியமா, மறுநாள் அவசர வேலை இருக்கிறப்போ இந்த வேலைக்கு உட்காராதீங்க.

இன்டர்வியூ நல்லபடியா முடிஞ்சுது. பாப்பா பேசினது தெளிவா கேட்டுச்சாம். பதில் இன்னும் வரல, வந்தா எழுதுறேன். இப்போ அந்த லேப்டாப் அரை நிமிஷத்துல எழுந்திருக்குது. ஆனா நான் பக்கத்துல போனாலே, "அப்பா, எதையும் பிடுங்கிடாதீங்க" என்கிறாள்.

மழை விட்டிருக்கு. மேலுரம் போடணும். வர்றேன்.