புட்டுத் திருவிழாவுக்கு ஒரு வான்வழி

மதுரை ஆரப்பாளையத்துக்காரர்களுக்கு ஆவணி மூலம் என்றாலே புட்டுத்தோப்புதான் நினைவுக்கு வரும். வந்தியின் புட்டுக்காக ஈசன் மண் சுமந்த திருவிளையாடலை நிகழ்த்த, அன்னை மீனாட்சியுடன் சொக்கநாதர் அங்கே எழுந்தருளுவார். திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் வந்து சேர்வார்கள்.

2008-இல் வங்கிப் பணி நிமித்தம் விசாகப்பட்டினத்தில் இருந்தேன். "இந்த வருஷமாவது புட்டுக்கு வந்துவிடப்பா" என்றார் அம்மா. ரயிலில் ஒரு நாளுக்கு மேலாகும். கிடைத்த விடுப்போ மிகக் குறைவு. ஆகவே பாரமவுண்ட் ஏர்வேஸ் விமானத்தில் புறப்பட்டேன்.

2005-இல் பறக்கத் தொடங்கிய அந்நிறுவனத்துக்குச் சென்னையே மையம். மதுரை, கோவை, விசாகப்பட்டினம் எனப் பல ஊர்களின் பயணிகளும் அங்கே இறங்கி, அடுத்த விமானம் ஏறுவார்கள். எம்ப்ரேயர் வகைச் சிறு விமானங்கள். நடைவழியின் இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகளே. சென்னையில் மாறி ஏறி, இருட்டுமுன் வீடு சேர்ந்தேன்.

மறுநாள் அம்மாவின் கைபிடித்துப் புட்டுத்தோப்புக்கு அழைத்துச் சென்றேன். கூட்டத்தின் நடுவே, மண் சுமந்த பெருமானைக் கண்டு அவர் கரம் குவித்து நின்ற காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. அதுவே அவருடைய கடைசிப் புட்டுத் திருவிழா.

2010-இல் அந்நிறுவனத்தின் சேவை நின்றது. சென்னையிலிருந்து அது விரித்திருந்த வழிகள் அத்தனையும் ஓய்ந்தன. என்னை அழைத்த குரலும் இப்போது இல்லை.

கூலியாளாக வந்தேனும் ஒரு மூதாட்டியின் குறை தீர்த்தவர் ஆலவாய் அண்ணல். பெற்றவர்கள் அழைக்கையில் வழி திறந்திருந்தால், தள்ளிப்போடாமல் புறப்பட்டுவிடுங்கள்.