கீழ்பென்னாத்தூரில் ஓர் இமாலயம்!

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரப்போகும் பாதிக் கஷ்டங்களுக்கு இதுதான் காரணம்.

நான் வேளச்சேரிவாசி. ஆபீஸ் கிண்டியில். மேம்பாலம் ஏறி இறங்கினால் ஆபீஸ் வந்துவிடும். "இதுக்கு எதுக்கு ஸார் அட்வென்ச்சர் பைக்?" என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள்.

"நவம்பர் மாசத்து வேளச்சேரியை மறந்துட்டியா?" என்றேன்.

"அதுக்குப் படகு வாங்குங்க. விலையும் கம்மி" என்றாள்.

உண்மையான காரணம் வேறு. பக்கத்து ஸீட் நண்பன் லடாக் போய்வந்து, பனிமலைக்கு முன்னால் வண்டியோடு நிற்கிற படத்தைத் தன் கம்ப்யூட்டரில் ஒட்டிவைத்திருக்கிறான். தினமும் எட்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே வவுச்சர் போட்டால் மனுஷனுக்கு என்ன ஆகும்? எனக்கும் ஆகிவிட்டது.

புதுசு வாங்க வசதியில்லை. பழசு தேடினேன். அப்போதுதான் தெரிந்தது, இந்த ரக வண்டிகளில் விலையைவிட உயரம் பெரிய பிரச்னை என்று. பள்ளத்தில் விழுந்து எழ, முன் சக்கரத்துக்கு மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். கல்லில் அடி வயிறு தட்டாமலும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் ஸீட் தானாக மேலே போய்விடும். எக்ஸ்பல்ஸ் 200 வண்டிக்கு ஸீட் உயரம் 823 மில்லிமீட்டர். ஓசூரில் தயாரான பி.எம்.டபிள்யூ. ஜி310 ஜி.எஸ்.ஸுக்கு 835. கே.டி.எம். 390 அட்வென்ச்சர் 2020-ல் வந்தபோது 855. நெட்டை மனிதர்களின் சதி!

மிச்சமிருந்தது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 2016-ல் வந்து, 2023-ல் 450 சி.சி. தம்பிக்கு வழிவிட்டு ஒதுங்கிய பழைய 411 சி.சி. வண்டி. முன் சக்கரம் 21 அங்குலம், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டர். ஆனால் ஸீட் உயரம் 800தான். பேர்தான் ஹிமாலயன். பிறந்தது நம்ம சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலை.

சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சொருகி, டேப் பிடித்து அளந்தேன். 735. அறுபத்தைந்து மில்லிமீட்டர் துண்டு விழுந்தது. ஷூ அடிப்பாகம் 30, நான் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்குவது ஒரு 30... பட்ஜெட்டில் நிதியமைச்சர்கூட இவ்வளவு அழகாகத் துண்டை மூடியிருக்கமாட்டார்.

*

விளம்பரத்தில் கிடைத்த வண்டி 2019 மாடல். டி.என். 25, திருவண்ணாமலை ரிஜிஸ்திரேஷன். இருக்குமிடம் கீழ்பென்னாத்தூர்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். மடியில் ஹெல்மெட். திண்டிவனத்தில் பஸ் மேற்கே திரும்பியதும் ஊரின் முகமே மாறுகிறது. பாறைகளை யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியது போலக் குன்றுகள். செஞ்சி வந்ததும் தலைக்கு மேலே ராஜகிரிக் கோட்டை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "தேசிங்குராஜா கோட்டை" என்றார், நான் கேட்காமலே. டில்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருந்ததாம். பெரிய பெரிய வீரர்களையெல்லாம் கீழே தள்ளிய அதன் மேல் சின்னப் பையன் தேசிங்கு ஏறி அடக்கிக் காட்டினானாம். கதைப்பாடல் அப்படிச் சொல்கிறது. 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி இளம் வயதிலேயே செத்துப்போனான் என்பது சரித்திரம். நான் முதல் பாதியை மட்டும் மனசில் வைத்துக்கொண்டேன்.

செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். பேரூராட்சி, தாலுகா தலைநகர், 2011-லிருந்து சட்டமன்றத் தொகுதி. ஆனால் பஸ்ஸில் போகிறவர்களுக்கு 'அண்ணாமலையார் கோயிலுக்கு இன்னும் அரை மணி' என்று சொல்லும் ஊர். கிரிவலம் போகிற கூட்டம் இந்த ஊரைத் தூக்கத்தில் கடந்துவிடும். கண் விழித்து இறங்கினால் மேற்கே அண்ணாமலை நீலமாகத் தெரிகிறது. ரோட்டோரம் அவித்த மல்லாட்டை விற்கிறார்கள். வேர்க்கடலை என்று கேட்டேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெட்ராஸா?" என்றாள்.

வண்டிக்காரப் பையன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தான். கடன் போட்டு, லடாக் போகத்தான் வாங்கினானாம். போனது ஜவ்வாது மலை வரை. அப்புறம் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. கம்பெனி பஸ், ஹாஸ்டல் ரூம். ஆக, சென்னைப் பக்கம் பிறந்த வண்டி கீழ்பென்னாத்தூர் கொட்டகையில். கீழ்பென்னாத்தூரில் பிறந்த பையன் சென்னைப் பக்கம்! இப்போது ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம்.

"அதான் குடுக்குறேங்கண்ணா" என்றான். கொட்டகைக்குள் போய் டேங்கைத் தடவிக்கொடுத்த விதத்தில் மீதியையும் சொல்லிவிட்டான்.

*

எங்கள் வேளச்சேரி மெக்கானிக் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்து அனுப்பியிருந்தார். உங்களுக்கும் உபயோகப்படும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: போனவுடன் என்ஜினைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், நீ வருமுன்பே ஸ்டார்ட் செய்து தயார்ப்படுத்தியிருக்கிறார்கள். ஜில்லென்ற என்ஜின் ஒரே தட்டில் எழுந்திருக்க வேண்டும்.

இரண்டு: முன் ஃபோர்க் கம்பியில் விரலை ஓட்டு. எண்ணெய் ஒட்டினால் ஸீல் போச்சு.

மூன்று: சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருத்தரை அழுத்தச் சொல்லி, முன் சக்கரத்தை மேலே தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பு. நடுவில் 'டக்'கென்று ஒரு இடத்தில் தங்கினால் கோன் செட் மாற்ற வேண்டும்.

நாலு: ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டு. எல்லாம் ஒரே சுருதியில் பேச வேண்டும். ஒன்று மட்டும் 'டொக்' என்றால் அது லூஸ்.

ஐந்து: டயர் பக்கவாட்டில் நாலு இலக்க நம்பர் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டிய டயர் பார்க்கப் புதுசாக இருந்தாலும் நம்பாதே.

ஆறு: கிலோமீட்டர் மீட்டர் 18,000 என்று சொல்லும். ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் 60,000 என்று சொல்லும். ரப்பர் பக்கம் நில்.

எல்லாம் பார்த்தேன். என்ஜின் ஜில். ஃபோர்க் சுத்தம். கம்பிகள் ஒரே சுருதி. ஆர்.சி. புத்தகத்து சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருந்த நம்பரும் பொருந்தின. பையன் யோக்கியமாக வைத்திருந்தான்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கண்ணா."

ஏறினேன். இரண்டு பாதங்களின் நுனியும் பூமியைத் தொட்டன. பாலே டான்ஸ் மாதிரி. ஆனால் நகர ஆரம்பித்ததும் அத்தனை கனமும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. செஞ்சி ரோட்டில் புளியமரங்கள் ஓட, முன்னால் மாட்டு வண்டியின் தலைக்கு மேலே பார்வை போக... தேசிங்கு நான்தான்!

திரும்பி வருகையில் டீக்கடை எதிரே வளைத்து நிறுத்தி, இடது காலை ஊன்றினேன். அங்கே தரை இல்லை. தார் முடிந்து அரையடிப் பள்ளம். இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான வண்டி மெதுவாக, மரியாதையாக, என்னையும் அழைத்துக்கொண்டு சாய்ந்தது. டீக்கடையில் இருந்த பதினைந்து பேரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். நான் சிராய்ப்போடு தப்பினேன். கிளட்ச் லீவர் வளைந்துவிட்டது.

பையன் ஓடிவந்தான். திட்டவில்லை. "ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணுங்க. கியர்ல இருக்கட்டும், உருளாது. இப்போ வண்டிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கண்ணா. இடுப்பை ஸீட்டுல ஒட்டுங்க. ஒரு கை ஹேண்டில்பார், ஒரு கை பின்னாடி கம்பி. முதுகால தூக்காதீங்க, காலால பின்னாடியே நடங்க."

நடந்தேன். எழுந்துவிட்டது! எனக்கே நம்ப முடியவில்லை. டீக்கடையில் யாரோ கை தட்டினார்.

அப்போதுதான் பையனின் அப்பா வந்தார். தோளில் துண்டு, காலில் களத்து மண்.

"உசரம் தப்பு இல்ல தம்பி. நீ கால் வெக்கிற எடத்தைப் பாக்காம வெச்ச. மேடு இருக்குற பக்கமா நிறுத்தி, ஒத்தக் காலை நல்லா ஊணு. போதும்" என்றார்.

*

வீட்டில் மோர் வந்தது. பேரம் ஒன்று முப்பதில் ஆரம்பித்து, ஒன்று பதினெட்டில் முடிந்தது. லீவர் செலவு என்னுடையது. பணத்தை அனுப்ப செல்போனை எடுத்துவிட்டேன். அப்போதுதான் ஆர்.சி.யைத் திரும்பப் பார்த்தேன். பைனான்ஸ் கம்பெனி பேர் அதிலேயே இருந்தது.

"லோன் முடிஞ்சுதுண்ணா. பேர் எடுக்கத்தான் போகல" என்றான் பையன்.

லடாக் நண்பனுக்கு போன் போட்டேன். "ஓப்பன் ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டு வண்டியைக் கிளப்புடா! பேரெல்லாம் மெதுவா மாத்திக்கலாம்" என்றான். எனக்கும் அதுதான் ஆசை. வாங்கினவுடன் மலை வரை ஓட்டி, ஒரு படம் எடுத்து, அவன் ஸீட்டுக்கு எதிரே ஒட்ட வேண்டுமே!

பெரியவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "வேணாம் தம்பி. பேர் மாத்தாம நான் வண்டி குடுக்கமாட்டேன்."

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு பழைய மொபெட்டை விற்றிருக்கிறார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து, கையில் காசு, விஷயம் முடிந்தது என்று நினைத்தார். வாங்கியவர் இன்னொருத்தருக்கு விற்றார். அவர் ராத்திரியில் ஒருவர் மேல் மோதினார். இன்ஷூரன்ஸ் கிடையாது. கோர்ட் சம்மன், பேப்பரில் யார் பேர் இருக்கிறதோ அவரைத் தேடி கீழ்பென்னாத்தூருக்கு வந்தது.

"ஆறு வருசம் நடந்தேன் தம்பி. அடிபட்ட ஆளுக்கும் பாவம், கால் போச்சு. அவனுக்குக் குடுக்க வேண்டியதுதான். அரை ஏக்கர் மல்லாட்டை நெலம் போச்சு. நான் ஓட்டாத வண்டி, நான் பாக்காத ஆளு."

சட்டமும் அதுதான். பல கை மாறிய ஒரு வண்டி வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு. 'எப்பவோ வித்துட்டேன் ஐயா' என்பது எடுபடாது.

பழைய வண்டி வாங்கப் போகிறவன், ஏமாந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே போகிறான். என்ஜினைத் தொடுகிறான், கம்பியைத் தட்டுகிறான். விற்கிறவனுக்கும் பயம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. நான் நாளை எவன் மேலாவது மோதினால், ஆவணிக் கல்யாணத்து வீட்டுக்கு சம்மன் வரும்.

"சரிங்கய்யா. அட்வான்ஸ் பத்தாயிரம் வெச்சுக்குங்க. பாக்கி?"

"மொதல்ல உம் பேருக்கு மாறட்டும். அப்புறம் குடு. எங்க ஓடிடப் போற?"

பேர் என்னுடையதாகி, பணம் என்னிடமே இருக்கும். எந்த பாங்க் மேனேஜரும் என்னை இவ்வளவு நம்பியதில்லை.

வேலை பெரிய பிரம்ம வித்தை இல்லை. கடன் கொடுத்த இடத்தில் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம். பேர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். அன்றைக்கு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே திரும்பினேன். கூடவே ஒரு பை மல்லாட்டை.

*

மூன்று வாரம் கழித்துப் போனேன். ஆர்.சி.யில் என் பேர். பாக்கியைக் கொடுத்தேன். பெரியவர் எண்ணவில்லை, பையனிடம் நீட்டினார்.

"பேர் மாறிடுச்சுன்னு நேத்து பையன் சொன்னான் தம்பி. நேத்து ராத்திரிதான் நல்லாத் தூங்கினேன்" என்றார்.

அந்தம்மா சூடம் ஏற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். பையன் டேங்கை ஒரு தடவை துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். நான் கிளம்பும்போது வெளியே வரவில்லை.

நேரே திருவண்ணாமலை போனேன். கிரிவலப் பாதையை வண்டியில் ஒரு சுற்று சுற்றலாம் என்றுதான் திட்டம். ஆனால் செருப்பில்லாமல் நடந்துபோகிற கிழவிகளுக்கு நடுவே 411 சி.சி.யை உறுமவிட வெட்கமாக இருந்தது. ஓரமாக மேடு பார்த்து நிறுத்தி, ஒற்றைக் காலை நன்றாக ஊன்றி இறங்கினேன். பதினாலு கிலோமீட்டரும் நடந்தே சுற்றினேன். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்கு அட்வென்ச்சர் பைக் வாங்கிய அன்று நான் செய்த பெரிய அட்வென்ச்சர் அதுதான். மறுநாள் ஆபீஸில் படியேற முடியவில்லை.

லடாக் நண்பன் வண்டியைப் பார்த்துவிட்டு, "எங்கே போகப்போறே?" என்றான்.

எங்கும் போகவில்லை. வேளச்சேரியில் மழைக்காகக் காத்திருக்கிறேன்.