ஆலய வேனில் மறுபடியும் குளிர் காத்து

ஓம் சரவணபவ.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வயசானவங்களை ஏத்திட்டு வர்ற நம்ம ஆலய வேனில் ஏர்கோன் என்ன ஆச்சு என்று பலர் கேட்டீர்கள். பின் சீட்டுக்குக் காத்தே எட்டவில்லை. போன வாரம் ஒரு பாட்டிக்கு வழியிலேயே மயக்கம் வந்துவிட்டது. "இனிமே நான் வரலப்பா, உங்களுக்குத்தான் சிரமம்" என்றார். வேன் புழுக்கத்தால் ஒருவர் சாமி பார்க்க முடியாமல் போகலாமா?

ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டோம். புளோவர் மோட்டாரையே மாத்தணும், 450 வெள்ளி ஆகும் என்றார்கள். அது உண்டியல் காசு. அதனால் முதலில் நாமே திறந்து பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை தொண்டர்கள் மூன்று பேர் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி வேலையை ஆரம்பித்தோம்.

விசிறி 1, 2, 3-ல் சுத்தவே இல்லை. 4-ல் மட்டும் சுத்தியது. இதை எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி திருகும் சுவிட்ச் உள்ள வண்டியில் 1, 2, 3-க்குக் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும். 4-ல் நேராக மோட்டாருக்குப் போகும். 4-ல் சுத்துகிறது என்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, பெரும்பாலும் ரெசிஸ்டர்தான் போயிருக்கும்.

சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினோம். முன் சீட்டில் இடது பக்கம் இருக்கும் சாமான் பெட்டியைக் கழற்றினால் புளோவர் தெரியும். பக்கத்தில் இரண்டு ஸ்குரு போட்ட சின்ன ரெசிஸ்டர். கருகிப் போயிருந்தது.

ஏன் கருகியது? ஃபில்டரை இழுத்ததும் தெரிந்தது. மேலே முழுக்க வேப்பிலை, அடியில் தூசி. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சந்து வழியாகத்தான் வெளிக்காத்து உள்ளே போகும். மரத்தடியில் நிறுத்தினால் இலையும் அந்த வழியாகத்தான் போகும். ரெசிஸ்டர் சூடாகும் சாமான். அதே விசிறிக் காத்துதான் அதைக் குளிர்விக்கிறது. காத்து அடைத்தால் சூடு ஏறிக் கருகிவிடும். பின் சீட்டுக்குக் காத்து எட்டாததற்கும் இதுதான் காரணம்.

விசிறியைத் தண்ணி படாமல் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தோம். புது ரெசிஸ்டர், புது ஃபில்டர் இரண்டும் சேர்த்து 70 வெள்ளி. இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. இப்போது நான்கு வேகத்திலும் காத்து வருகிறது. மிச்சப் பணம் அன்னதானக் கணக்கில் இருக்கிறது.

வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த வேகத்திலும் சுத்தாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியோ, பெரிய ஃபியூஸோ போடாதீர்கள், வயர் தீப்பிடிக்கும். மஞ்சள் வயர் ஏர்பேக் உடையது, தொடவே தொடாதீர்கள். காத்து நன்றாக வந்தும் குளிரவில்லை என்றால் அது கேஸ், கம்ப்ரசர் சமாச்சாரம், ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகணும்.

வேப்பமரம் அம்மன் மரம், அதை ஒன்றும் செய்ய மாட்டோம். வேனைத்தான் மண்டபத்துப் பக்கம் நகர்த்தி இருக்கிறோம். உங்கள் வண்டிகளையும் அங்கேயே நிறுத்துங்கள்.

வெயிலுக்குப் பயந்து வராமல் இருக்கும் அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா யார் இருந்தாலும் வியாழக்கிழமைக்குள் பேர் கொடுங்கள். வாசலுக்கே வந்து கூட்டிப் போகிறோம்.

முருகன் துணை.