விலைக்கு வராத மாளிகை

சென்ற மாதம் பேரன் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். மலைமேல் ஒரு பழங்கால மாளிகை விற்பனைக்கு வந்திருக்கிறதாம். மரப்படிக்கட்டு, ஜன்னல், தளம் எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியே. "நம்ம ஊர்ப் பக்கம் இப்படி இல்லையா தாத்தா?" என்றான்.

வாலிகண்டபுரம் என் மனைவியின் ஊர். ஓய்வுபெற்றபின் இங்கேதான் வாசம். மறுநாள் அவனை ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஒரு ஜாகீர்தார் கட்டியது என்பார்கள். அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், செதுக்கிய கல் மதில். மேலே ஏறினால் குடியிருந்த மாளிகையின் மிச்சம்.

1751-இல் இங்கே சண்டை நடந்தது. ஒரு பக்கம் முகமது அலியும் ஆங்கிலேயரும், மறுபக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும். ஆங்கிலேயர் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். துய்ப்ளெக்ஸ் பெயர் மனப்பாடம். ஆனால் வெள்ளைக்காரர் எழுதிய 'வால்கொண்டா' இந்த ஊர்தான் என்பது பெண் எடுத்த பிறகே தெரிந்தது.

"இதை வாங்க முடியுமா?" என்றான் பேரன். முடியாது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும்.

படியிறங்கும்போது புதுச்சேரியில் இருந்த அப்பாவின் வீடு நினைவுக்கு வந்தது. திண்ணை, முற்றம், தாழ்வாரத்தில் ஆறு தேக்குத் தூண்கள். சகோதரர்கள் பாகம் கேட்டதால் விற்றோம். குமாஸ்தா அல்லவா, பத்திர வாசகத்தை நானே சரிபார்த்தேன். செக்குபந்தி நான்கும் சரி, சதுரடி சரி. தூண்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. ஆறு மாதம் கழித்துப் போனேன். வீடு இல்லை. தூண்கள் யார் கைக்குப் போயினவோ!

எல்லா வீட்டையும் அரசாங்கம் காக்க முடியாது. விற்கும் நிலை யாருக்கும் வரலாம். கையெழுத்துப் போடும்முன் வாங்குபவரிடம் "இந்த வீட்டை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.