கணுக்காலில் தெரியும் இதயம்

"மாடிப்படி ஏறினா இரைக்குது, சாயங்காலமானா கால் வீங்குது" என்று வீட்டுப் பெரியம்மா சொன்னால், "வயசாச்சுல்ல" என்று நகர்ந்துவிடுகிறோம். எழுபதைத் தாண்டிய உரிமையில் கேட்கிறேன்: வயசு கணுக்காலிலா வந்து உட்காரும்?

கையில் பட்டை கட்டிப் பார்த்தால் பிரஷர் 120, 80 என்று ஒழுங்காகவே இருக்கும். அது இதயத்தின் இடப்பக்கக் கணக்கு. நுரையீரலுக்குப் போகும் தமனியின் அழுத்தத்தை அந்தக் கருவி அறியாது. அங்கே சராசரி 14 அளவில் இருப்பதே இயல்பு. 20-ஐத் தாண்டினாலே நோய் என்கிறார்கள். அந்தக் குறைந்த அழுத்தத்துக்கென்று அமைந்த வலது கீழறையின் சுவர் 5 மில்லிமீட்டர்கூட இராது. இடது சுவர் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. நுரையீரல் குழாய்கள் இறுகும்போது வலது அறை சுவரைத் தடிக்க வைத்துச் சமாளிக்கிறது. வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்தில் முடியாமல் விரிகிறது. நடுச்சுவர் இடப்பக்கம் தள்ளப்பட, உடம்புக்குப் போகும் ரத்தம் குறைந்து மயக்கம் வரும். மூவிதழ் வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கி ஒழுகும். கழுத்து நரம்பு புடைத்து, ஈரல் வீங்கி, கடைசியில் கால்.

பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண், இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் எஸ். பத்மாவதி. 1950களில் டெல்லியில் இந்த வலப்பக்க நோயை ஆராய்ந்தார். புகைபிடிக்கும் பழக்கம் அரிதாயிருந்த பெண்களுக்கும் அது ஆண்களைப் போலவே வந்திருந்தது, அதுவும் இளவயதிலேயே. அவருடைய சந்தேகம் அடுப்புப் புகைமேல் விழுந்தது. என் தலைமுறையின் தாய்மார்கள் ஊதுகுழலும் வறட்டியுமாக வாழ்ந்தவர்கள். அவர்களுடைய இருமலை யார் கணக்கில் எடுத்தோம்? புகையால் நுரையீரல் கெட்டு ஆக்சிஜன் குறைந்தால், அங்குள்ள சிறு குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். கேஸ் அடுப்பு வந்த பிறகும் பழைய சேதம் முழுக்க மாறுவதில்லை.

புகை மட்டுமே காரணமில்லை. இடப்பக்க இதயப் பலவீனம்தான் அதிகம் காணப்படுவது. சிறுவயது மூட்டுக் காய்ச்சலில் சுருங்கிய வால்வு, பிறவி ஓட்டை, நுரையீரலில் தங்கிவிட்ட ரத்தக்கட்டி என்று இன்னும் பல உண்டு. நீர் மாத்திரையில் வீக்கம் வடிந்ததும் கதை முடிந்ததாக நினைப்பதில்தான் எனக்குக் கோபம். எக்கோ எடுத்தால், வலது கீழறை எப்படியிருக்கிறது, நுரையீரல் அழுத்தம் எவ்வளவு என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். சந்தேகம் வலுத்தால் நரம்பு வழியே மெல்லிய குழாய் செலுத்தி அளந்து உறுதிசெய்வார்கள். காரணத்தைப் பொறுத்து வைத்தியமே மாறும்: சிலருக்கு ஆக்சிஜன், சிலருக்கு வால்வு சிகிச்சை, பழைய ரத்தக்கட்டியென்றால் சிலருக்கு அறுவை சிகிச்சையும் உண்டு.