உப்புத்தாளில் ஓர் அகரம்

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு, தூண்பாறையைப் பார்த்துவிட்டு, சாக்லெட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி இந்த ஊரில் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். மறு ஆண்டே இத்தாலி உலகப் போரில் இறங்க, ஆங்கிலேய அரசுக்கு எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். 1942 முதல் 1944 வரை இந்த மலையில் பிள்ளைகளோடு கழித்தார்.

இன்றைக்குக் காசுள்ளவர்கள் பள்ளிக்கு அவர் பெயர். அவரோ முதலில் பாடம் படித்துக்கொண்டது, ரோமில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடம். அவர்கள் விரலால் தடவிப் பழக மரத்தில் எழுத்துகள் செய்வித்தார். 1907-இல் ஏழைகள் குடியிருப்பில் பள்ளி தொடங்கியபோது அப்படிச் செய்து தர ஆள் அகப்படவில்லை. உப்புத்தாளை எழுத்துகளாக வெட்டி அட்டையில் ஒட்டினார். அகப்படாததே நல்லதாயிற்று என்பேன். உப்புத்தாள் எந்த ஊர் பெயிண்ட் கடையிலும் உண்டே!

மலைப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். ரொம்பச் சொரசொரப்பான தாள் வேண்டாம், பிஞ்சு விரல் காந்தும். எழுதும் திசையிலேயே தடவ விடுங்கள்.

பார்வையில்லாத பிள்ளைக்கு முட்டை அட்டையில் ஆறு குழிகளை, மேலிருந்து கீழாக இரண்டு வரிசையாக வெட்டிக் கொடுங்கள். பிரெயில் எழுத்துக்கு ஆறு புள்ளிதானே! இடப்பக்க மேல்குழியில் மட்டும் ஏதாவது வைத்தால் ‘அ’. அதே பக்கத்துக் கீழ்க்குழியிலும் வைத்தால் ‘க’. பூண்டு விளையும் பூம்பாறைப் பக்கம் என்றால் வைப்பதற்கு அதுவே போதும்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் குளிரில் கை இன்னும் இறுகும். பென்சிலில் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றுங்கள். எத்தனை சுற்று என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். எழுதச் சொல்லி, விரல் நுனியைப் பாருங்கள். வெளுத்தால் அழுத்திப் பிடிக்கிறது என்று அர்த்தம்; இன்னொரு சுற்று போடலாம். நோட்டு நழுவாமல் நாலு மூலையிலும் டேப் ஒட்டுங்கள்.

இதையெல்லாம் காட்டி, ‘டியூபே போதுமே’ என்று அதிகாரிகள் கைகழுவவும் விடக்கூடாது. முட்டை அட்டையில் காது கேட்கும் கருவி செய்ய முடியுமா? தேவையான வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. ஒரு பள்ளிக்கு வந்த கருவி உறை பிரிக்காமல் பீரோவில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். உடைந்தால் தணிக்கையில் கேட்பார்களாம். உடையட்டும், எடுத்துக் கொடுங்கள். கருவியே வராத பள்ளியென்றால் மாவட்டத் தலைநகரான திண்டுக்கல்லுக்கு இறங்கி மனுக் கொடுங்கள். பெற்றோரையும் கூட்டிப் போங்கள்; வாத்தியார் தனியாகப் போனால் ‘அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள்.